சாரலும் சரளும்

குற்றாலச் சாரலைப் பற்றித் தென்காசி மக்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று நம் மீது தூவிச் செல்லும் மென்மழை அது. 'சரள்' என்பதோ ஒரு செயற்கைக்கோள். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த அதனை, 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் சுமந்து சென்றது. இந்தியில் 'எளியது' என்று பொருள்படும் அப்பெயருக்கும் நம் சாரலுக்கும் உறவில்லை. ஆயினும், காற்றிலுள்ள ஈரந்தான் அதன் வேலைக்குப் பெரிய இடைஞ்சல் என்பது வேடிக்கையன்றோ!

அதன் வேலை கடல்மட்டத்தை அளப்பது. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ரேடார் துடிப்புகளைக் கீழே அனுப்பியது. ஒவ்வொரு துடிப்பும் கடலில் பட்டுத் திரும்புவதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குச் சற்று மேல் ஆகும். அந்நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். நம் வகுப்புக் கணக்குதான். ஆனால் நீராவி நிறைந்த காற்றில் அலை சற்றே தயங்கி வருவதால், கடல் உள்ளதைவிடத் தாழ்ந்திருப்பதாகக் கணக்கு காட்டும். வெப்பமண்டலக் கடல்களில் இப்பிழை 30, 40 சென்டிமீட்டர் வரை போகலாம். 1993 முதல் உலகக் கடல்மட்டம் உயர்ந்திருப்பதோ சுமார் 10 சென்டிமீட்டர்தான்!

ஆகவே ரேடாருக்குத் துணையாக நுண்ணலை அளவி என்னும் கருவியையும் உடன் அனுப்புகிறார்கள். இது எதையும் அனுப்பாது. கீழிருந்து இயற்கையாக எழும் மெல்லிய நுண்ணலைகளை வாங்கி அளக்க மட்டும் செய்யும். சரளில் இது 23.8, 37 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் அளந்தது. முதலாவது நீராவியைக் காட்டும்; மற்றது மேகத்திலுள்ள நீரைப் பிரித்தறிய உதவும்.

நடுக்கடலில் யாவும் நலமே. தொல்லை கரையருகில்தான். இக்கருவி ஒரு புள்ளியைப் பார்ப்பதில்லை. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தை ஒருசேரப் பார்க்கிறது. அவ்வட்டத்தின் ஓரத்தில் நிலம் புகுந்துவிட்டால், கடலைவிட நிலம் மிகுதியான நுண்ணலைகளை வெளியிடுவதால், நீராவிக் கணக்கு குழம்பிவிடுகிறது. தொலைவில் அளந்ததையே கரைக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். குற்றாலத்தில் நனைந்தபடி பேருந்தில் ஏறுகிறவர் ஆலங்குளத்தில் வெயிலில் இறங்குவதில்லையா? ஈரம் அவ்வளவு விரைவில் மாறக்கூடியது.

இதனால் கரையோர அளவுகளைப் பல ஆண்டுகள் ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கியே வைத்தனர். மக்கள் வாழ்வதோ கரையில்! தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல்மட்ட அளவி உண்டு. அது அந்த ஓரிடத்தை மட்டுமே சொல்லும். எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் உவரி, மணப்பாடு மாணவியர், "எங்கள் ஊரில் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று கேட்டால், நடுக்கடலின் கணக்கைச் சொல்லி என்ன பயன்?

வழி அலையின் நீளத்தில் இருக்கிறது. ஒரே அளவுள்ள கிண்ண ஏரியலில், அலை குறுகக் குறுகப் பார்க்கும் வட்டமும் குறுகும். 23.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.6 மில்லிமீட்டர், 166 கிகாஹெர்ட்ஸில் அது வெறும் 1.8 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு! கிண்ணத்தைப் பெரிதாக்கியும் இதைச் சாதிக்கலாம். ஆனால் ராக்கெட்டில் ஏற்றும் பாரம் கூடிவிடும்.

2020 நவம்பர் 21 அன்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஏவிய 'சென்டினல்-6 மைக்கேல் ஃப்ரைலிக்' செயற்கைக்கோளில் 90, 130, 166 கிகாஹெர்ட்ஸ் அளவிகளும் சேர்க்கப்பட்டன. பழைய அலைவரிசைகளையும் கைவிடவில்லை. நடுக்கடலில் இரண்டையும் ஒப்பிட்டுப் புதியதைச் சரிபார்த்துக்கொண்டு, கரையை நெருங்கும்போது அதை நம்பலாம் என்பதே ஏற்பாடு.

குறுகிய அலைக்கும் ஒரு குறை உண்டு. அடர்ந்த மேகமும் மழையும் அதை எளிதில் மறித்துவிடும். அன்று கரையில் மழை கொட்டினால், செயற்கைக்கோள் ஏறக்குறைய 10 நாட்கள் கழித்து அதே பாதையில் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.