கொள்ளைநோய்: சொல்லும் பொருளும்

சிங்கவரத்தை அடுத்துள்ள செஞ்சிக் கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றது. 1750இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரரோ, அடுத்த பத்தாண்டுகளில் தம் வீரர் பலரை நோய்க்குப் பறிகொடுத்தனர். பகைவரைத் தடுத்த மதில் நோயைத் தடுக்கவில்லை. ‘நோய்க்குப் பறிகொடுத்தல்’ என்னும் இவ்வழக்கிலேயே கொள்ளைநோய் என்னும் பெயரின் கருத்தும் அடங்கியுள்ளது.

‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘கொள்ளை’, பிறர் பொருளை வலிந்து கவர்தலைக் குறிக்கும். ‘கொள்ளை அழகு’ என்பதிற்போல மிகுதியையும் குறிக்கும். திடீரெனப் பரவிப் பல உயிர்களைக் கவரும் நோய்க்கு இவ்விரு பொருளும் பொருந்தும்.

தொற்றுநோய் என்பது பரவும் முறையைச் சுட்டும். கொள்ளைநோய் என்பது பரவும் அளவைச் சுட்டும். காசநோய் தொற்றுநோயே, எனினும், ஊரில் ஒருவருக்கு அது வந்தவுடன் கொள்ளைநோய் என்றல் பிழை. வாந்திபேதி சில நாள்களிலேயே ஊரார் பலரைத் தாக்கின், அது கொள்ளைநோய். நாடுகள் பலவற்றைக் கடந்து பரவுவது பெருந்தொற்று. 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது.

அவ்வாண்டு ஏப்ரலில், அந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் சிலர் தடுத்தனர். மாணவர்களே, கொள்ளையிடுவது நோய், நோயுற்றவரோ பறிகொடுத்தவர். சொல்லின் பொருளை உணர்ந்தோர் அவரை வெறுத்து ஒதுக்கார்.