மனம் கனத்தால் கை ஏன் மிக்சர் டப்பாவைத் தேடுகிறது?

இரவுச் சாப்பாடு முடிந்து வயிறு நிறைந்திருக்கிறது. ஆனாலும் அலுவலகத்தில் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்ததும் கை மிக்சர் டப்பாவைத் திறக்கிறது. ஏன்?

மன அழுத்தம் நீடித்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது பசியைத் தூண்டும். அதிலும் இனிப்பு, கொழுப்புப் பண்டங்களின் மீதே நாட்டத்தைத் திருப்பும். கலிபோர்னியாவில் ஆய்வாளர் மேரி டால்மனின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: எலிகளில் இத்தகைய உணவு அழுத்த எதிர்வினையையே தணித்தது. ஆக, தின்றால் ஆறுதல் கிடைப்பது பொய்யில்லை. அதனால்தான் மூளை அதைப் பழக்கமாக்கிக்கொள்கிறது. இப்படித் தின்பவர்களை ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று ஏசுவது கொடுமை. ஏச்சு அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் மறுபடி டப்பாவைத் திறக்க வைக்கும்.

வயிற்றுப்பசி மெல்ல ஏறும், இட்லி கிடைத்தாலும் அடங்கும். மனப்பசி சட்டென்று வரும், மிக்சர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். வித்தியாசம் தெரிந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடலாம்: தெருவில் ஒரு நடை, தோழியிடம் ஒரு ஃபோன். பட்டினி மட்டும் வேண்டாம், அது ஆசையைப் பெருக்கும். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும்.

இப்படித் தின்று ஏறிய எடையைக் குறைக்கும் ஊக்கத்தை எடை மெஷினின் எண்ணில் தேடாதீர்கள். மூச்சு வாங்காமல் மாடி ஏறுவதில் தேடுங்கள். கட்டுக்கடங்காமல் தின்பது அடிக்கடி நேர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.