காணிமேல் ஏறிய பாரம்

ஆங்கிலத்தில் ‘என்கம்பரன்ஸ்’ என்றொரு சொல் உண்டு. நாளாந்தப் பேச்சில் அது வருவது அரிது. நொத்தாரிசின் மேசையிலும் காணிப் பதிவகத்திலுமே அதற்கு நடமாட்டம் மிகுதி. சுமை, பாரம், தடை என அகராதிகள் பொருள் கூறும். எனினும் தலைச்சுமையை வேண்டிய இடத்தில் இறக்கிவிடலாம். இச்சொல் குறிக்கும் பாரமோ ஆளின்மேல் அன்று, உடைமையின்மேல் ஏறி நிற்பது. காணி கைமாறினால் பாரமும் உடன் செல்லும்.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘கொம்ப்ர்’ என்பது ஆற்றின் குறுக்கே இட்ட தடுப்பின் பெயர். அதிலிருந்தே இச்சொல் பிறந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டுகளைக் கண்டவர்க்கு இதன் கருத்தை விளக்க வேண்டியதில்லை. கடல் இருக்கிறது, பெருங்கப்பலுக்கு வழி இல்லை. பாரமேறிய காணியும் அத்தகையதே. உறுதி கையில் இருக்கும். உரிமை தடையின்றிச் செல்லாது.

தமிழ்நாட்டார் இதனை வில்லங்கம் என்பர். பதிவுத்துறை வழங்கும் வில்லங்கச் சான்றிதழைப் பாராது அங்கே மனை வாங்குவோர் அரியர். பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு வம்பு, தொல்லை என்னும் பொருளும் உண்டு. சட்டப்பொருளுக்கு அது தொலைவானதும் அன்று.

மன்னாரில் ஒருவர் பனந்தோப்பொன்றை விலைக்கு வாங்க எண்ணுகிறார் என்று கொள்வோம். அதன்மேல் ஈடு இருக்கலாம். அப்போது காணி உடையவர் கையிலேயே இருக்க, கடன் காணியைப் பற்றி நிற்கும். ஒற்றி இருக்கலாம், அதிலே கடன் கொடுத்தவர் காணியைத் தம் வசம் எடுத்து, வட்டிக்கு ஈடாக விளைவை அனுபவிப்பார். ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையிலேயே ஒற்றி இடம்பெற்றுள்ளது. பிறர் நடந்து செல்லும் வழியுரிமையும் ஒரு பாரமே. இவற்றை அறியப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது முறை. 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, முந்தி எழுதியும் பதியாது விட்ட உறுதி, பிந்தி எழுதி முறையாகப் பதிந்த உறுதிக்குத் தோற்றுப்போகக்கூடும்.

ஆனால் மிகக் கனத்த பாரம் பதிவேட்டில் தோன்றாமலும் இருக்கலாம். உடையவரின் உரிமையை ஏற்காது ஒருவர் 10 ஆண்டுகள் இடையறாது காணியை ஆண்டுவந்தால், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அவருக்கே உரிமை தரக்கூடும். அமைதியான காலத்தில் இதில் நியாயம் உண்டு. தன் காணியைப் பத்தாண்டு திரும்பியும் பாராதவர் அதனைக் கைவிட்டார் என்று கொள்ளலாம். வெளியேற்றப்பட்டவர் நிலை அதுவோ? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர்; மன்னாரிலிருந்து சென்றவர்களுட் பலர் புத்தளத்தில் தங்கினர். போரின் ஆண்டுகளில் தமிழருட் பலரும் கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தனர். 2009க்குப் பின் மீண்டவருட் சிலர், தம் வளவில் வேறொருவர் அடுப்பெரிவதைக் கண்டனர். அப்படி இருந்தவரும் பெரும்பாலும் வேறோரிடத்தில் வீடிழந்தவரே.

இங்கே இன்னோர் ஆங்கிலச் சொல் குறுக்கிடுகிறது. ‘ஓனஸ்’ என்பது அது. இலத்தீனில் சுமை என்றே பொருள். இச்சுமை காணியின்மேல் அன்று, வாதிடும் ஆளின்மேல் இருப்பது. ஒன்றை உண்டென்று கூறுபவரே அதை எண்பிக்க வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி. ஓடும்போது உறுதியை இழந்தவர்க்கு அச்சுமை இரட்டித்தது.

2016இல் நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவின் செயலால் தம் உரிமையை நாட இயலாதவர்க்கு எதிராக, அக்காலம் ஆட்சியுரிமைக் கணக்கில் சேராது என்றது அது. அதன் பயனைப் பெற விதித்த தவணையோ இரண்டே ஆண்டுகள்.