சிலந்தி காப்பாற்றிய சோறு!

எள்ளைவிடச் சற்றுப் பெரிய பூச்சி அது. நிறம் பழுப்பு. நெற்பயிரின் அடித்தண்டில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டு இருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

அந்தப் பூச்சிதான் 16 கோடி மக்களின் சோற்றில் கை வைத்தது!

வயல் பூச்சிகளை ஒழிக்க விமானம் வந்தது. மருந்து வந்தது. அரசாங்கப் பணம் கோடி கோடியாக வந்தது. பூச்சி ஒழியவில்லை. பெருகியது! கடைசியில் அதை அடக்கியது யார் தெரியுமா? வயலில் ஓடித் திரியும் சிலந்தி!

இது இந்தோனேசியாவில் நடந்த உண்மை.

புகையான்

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இந்தப் பூச்சி புதியது அல்ல. "புகையான்" என்று சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான். இது விழுந்த வயலில் முதலில் வட்டம் வட்டமாகப் பயிர் மஞ்சளாகும். பிறகு புகை படிந்ததுபோல, தீயில் வாட்டியதுபோலக் காய்ந்துவிடும். வட்டங்கள் விரிந்து ஒன்றோடு ஒன்று சேரும். கதிர் பதராகும். அறுவடைக்கு ஆள் கூப்பிட வேண்டிய வயலில் வெறும் வைக்கோல் நிற்கும்.

இந்தோனேசியர்கள் இதை "வெரெங்" என்கிறார்கள்.

ஊசி போன்ற வாயைத் தண்டில் குத்தி, சாற்றை உறிஞ்சுவது இதன் வேலை. ஒன்றிரண்டு பூச்சி உறிஞ்சினால் பயிருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு குத்தில் நூறு, இருநூறு என்று சேர்ந்தால் பயிர் என்ன செய்யும்? ஒரு பெண் பூச்சி 100 முதல் 300 முட்டை வரை இடும். தண்டைச் சுற்றியுள்ள தாளைக் கீறி, அதற்குள் முட்டையைப் புதைத்து வைக்கும். ஒரு மாதத்துக்குள் அந்த முட்டை பூச்சியாகி, அதுவும் முட்டை இடத் தொடங்கிவிடும். வயலில் நெருக்கடி வந்துவிட்டால் அடுத்த தலைமுறை நீண்ட இறக்கையோடு வளரும். காற்றில் ஏறிக் கடலையே தாண்டிவிடும்!

1732-ம் ஆண்டில் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சம் வந்தது. புகையானும் அதன் இனத்துப் பூச்சிகளும் நெல்லை அழித்ததால் வந்த பஞ்சம் அது. அந்தக் காலத்து ஜப்பானிய விவசாயிகள், திமிங்கலத்தின் எண்ணெயை வயல் தண்ணீரில் ஊற்றுவார்கள். பிறகு பயிரைத் தட்டிப் பூச்சியை அந்த எண்ணெயில் விழச் செய்வார்கள். திமிங்கலம் எங்கே, புகையான் எங்கே!

பசியை விரட்டிய நெல்

இந்தோனேசியாவின் முக்கியமான தீவு ஜாவா. பரப்பில் ஏறத்தாழத் தமிழ்நாட்டின் அளவு. ஆனால் 1985-ல் அங்கே இருந்த மக்கள் சுமார் 10 கோடி. எல்லோருக்கும் சோறுதான் உணவு. 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில் அரிசி போதவில்லை. விலை பல மடங்கு ஏறியது. கப்பலில் அரிசி வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

அப்போது ஒரு புது நெல் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில், 1960-ல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட நெல். அதன் பெயர் ஐ.ஆர். 8. தாய், இந்தோனேசியாவில் வளர்ந்த "பேத்தா" என்ற உயரமான நெல். தகப்பன், தைவான் நாட்டுக் குட்டை நெல். பிள்ளை குட்டையாக, உறுதியாக இருந்தது. எவ்வளவு உரம் போட்டாலும் சாயாமல் நின்று, மூட்டை மூட்டையாகக் கொடுத்தது.

வட ஆற்காடு மாவட்டத்து உழவர் ஒருவர் இந்த நெல்லைப் பயிரிட்டு, விளைச்சலைக் கண்டு பூரித்து, தம் மகனுக்கே "ஐயாரெட்டு" என்று பெயர் வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இந்தோனேசியாவில் இதற்கு "புதிய பேத்தா" என்று பெயர் சூட்டினார்கள்.

இந்த நெல்லை அரசாங்கம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. விதை, உரம், பூச்சி மருந்து, கடன் எல்லாம் சேர்ந்தே வரும். ஒன்றை வாங்கினால் மற்றதும் உண்டு. ஆண்டுக்கு ஒரு போகம் போட்டவர்கள் இரண்டு போகம், மூன்று போகம் என்று போட்டார்கள்.

புகையானுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆண்டு முழுவதும் பச்சைப் பயிர். உரத்தால் கொழுத்த தண்டு. நெருக்கி நட்ட நாற்று. தினமும் விருந்து!

ஆகாயத்திலிருந்து மருந்து

1968 முதல் 1970 வரை, விமானங்களே ஜாவா வயல்களின்மேல் பறந்து மருந்து தூவின. பிறகு விசைத்தெளிப்பான்களும் கைத்தெளிப்பான்களும் கிராமங்களில் நிறைந்தன. பூச்சி இருக்கிறதா, இல்லையா என்று யாரும் பார்ப்பது இல்லை. நட்ட இத்தனையாம் நாள் ஒரு தடவை, இத்தனையாம் நாள் இன்னொரு தடவை என்று கணக்கு. மருந்து விலையில் 80 சதவீதம் வரை அரசாங்கமே கொடுத்தது. ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கும் மருந்தை யார்தான் அடிக்கமாட்டார்கள்?

ஜாவாவில் நெல் வயல் தண்ணீரில் மீன் வளர்ப்பது பழைய வழக்கம். ஒரே வயலில் சோறும் குழம்பும்! மருந்து விழுந்த தண்ணீரில் மீன் எப்படிப் பிழைக்கும்? தவளையும் செத்தது. அடித்தவர்களும் தப்பவில்லை. ஜாவா விவசாயிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 1995-ல் வெளியாயிற்று. மருந்து அடித்த 5 தடவைகளில் ஒரு தடவை, அடித்தவர் உடலில் விஷத்தின் அறிகுறிகள் தெரிந்தன என்றது அது.

இவ்வளவும் செய்தும் பூச்சி குறைந்ததா? 1976, 1977 ஆண்டுகளில் 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் புகையான் விழுந்தது!

ஆராய்ச்சி நிலையம் சும்மா இருக்கவில்லை. புகையான் தாக்காத நெல் என்று 1973-ல் ஐ.ஆர். 26 வந்தது. சில போகங்கள்தான். அதையும் உறிஞ்சிப் பழகிக்கொண்டது பூச்சி! 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. அது தாக்குப்பிடித்தது. வயல்கள் மறுபடியும் பச்சையாயின.

1984-ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. உலகத்திலேயே மிக அதிகமாக அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாடு அது! 1985 நவம்பரில் ஜனாதிபதி சுகார்தோ ரோம் நகருக்குப் போனார். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் மேடையில் நின்று பேசினார். பஞ்சத்தில் வாடிய ஆப்பிரிக்க மக்களுக்கு, இந்தோனேசிய விவசாயிகளின் அன்பளிப்பாக 1 லட்சம் டன் நெல் கொடுப்பதாக அறிவித்தார்.

கைதட்டல் ஓயவில்லை. அதற்குள் ஜாவாவில் வட்ட வட்டமாக வயல்கள் கருகத் தொடங்கிவிட்டன.

மருந்தே விரோதி!

மருந்து அடித்தும் ஏன் பூச்சி பெருகுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் முன்பே கிடைத்து இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பீட்டர் கென்மோர் என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் வயல்களில் முழங்கால் சேற்றில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினார். மருந்து அடிக்காத வயலில் புகையான் அடங்கிக் கிடந்தது. மருந்து அடித்த வயலில் அது பல மடங்கு பெருகி இருந்தது!

காரணம் எளிது. மருந்து மேலே இலைகளில் விழுகிறது. புகையான் அடித்தண்டில் இருக்கிறது. முட்டையோ தண்டின் தாளுக்குள் பத்திரமாக இருக்கிறது. முட்டைக்கு மருந்து எட்டாது. ஆனால் பயிரில் மேலும் கீழும் ஓடி இரை தேடும் சிலந்திமேல் மருந்து நன்றாக விழுகிறது. சிலந்தி சாகிறது. பொறிவண்டு சாகிறது. தாளுக்குள் இருக்கும் முட்டையையே குத்தி உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி ஒன்று உண்டு. அதுவும் சாகிறது. சில நாள் கழித்துப் புகையான் முட்டைகள் பொரிக்கின்றன. குஞ்சுகளைத் தின்ன வயலில் யாரும் இல்லை!

ஓநாய்ச் சிலந்தி என்று ஒரு வகை. வலை பின்னாது. துரத்திப் பிடிக்கும். தண்ணீரின்மேலும் ஓடும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 புகையான் வரை தின்றுவிடும். கூலி கேட்காத காவல்காரன்! அந்தக் காவல்காரனைத்தான் காசு கொடுத்துக் கொன்றுகொண்டு இருந்தார்கள்.

இடா ஞோமான் ஓகா போன்ற இந்தோனேசிய விஞ்ஞானிகள் இதை அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். தன்னிறைவு கைநழுவிப் போகும் ஆபத்து கண்முன்னே நின்றது. மருந்துக்கு ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் மானியமாகப் போய்க்கொண்டு இருந்தது.

1986 நவம்பர் 5-ந்தேதி ஜனாதிபதி உத்தரவு பிறந்தது. நெல்லுக்கு அடிக்கும் மருந்துகளில் 57 மருந்துகளுக்குத் தடை! மானியமும் படிப்படியாகக் குறைந்து, 1989-ல் அடியோடு நின்றது.

வயலே பள்ளிக்கூடம்

தடை போட்டால் போதுமா? இருபது ஆண்டுகளாக "மருந்து அடி, மருந்து அடி" என்று கேட்டுப் பழகிய விவசாயி, ஒரே நாளில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா? பூச்சியைப் பார்த்தால் வயிறு கலங்கத்தானே செய்யும்? போனால் ஒரு போகம் போகும். கடன் நிற்கும்.

அதனால் 1989-ல் புது மாதிரியான பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். கட்டடம் கிடையாது. வயல்தான் வகுப்பு. ஒரு வகுப்பில் சுமார் 25 விவசாயிகள். வாரம் ஒரு நாள் காலையில் வயலில் இறங்க வேண்டும். பயிர் வளரும் காலம் முழுவதும் படிப்பு நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேரலாம். ஏனென்றால் பாடத்தை எழுதுவது இல்லை. படமாக வரைவார்கள். பெரிய தாளில் நடுவே ஒரு நெற்பயிர். ஒரு பக்கம் அன்று கண்ட தீய பூச்சிகள். மறுபக்கம் நல்ல பூச்சிகள். தண்ணீர் எவ்வளவு, வெயிலா மேகமா என்பதும் படத்தில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று தங்களுக்குள் வாதாடுவார்கள்.

இன்னொரு பாடம் வேடிக்கையானது. ஒரு குத்துப் பயிரை வலைத்துணியால் மூடுவார்கள். உள்ளே புகையானையும் சிலந்தியையும் விடுவார்கள். மறுபடி திறந்து எண்ணிப் பார்ப்பார்கள். புகையான் குறைந்து இருக்கும். யார் தின்றது என்று சொல்ல அதிகாரி தேவை இல்லை!

பயிரின் இலைகளைத் தாங்களே கத்தரித்துவிட்டு, அது மறுபடி துளிர்ப்பதையும் பார்த்தார்கள். இலையில் நாலு ஓட்டை விழுந்தால் குடி முழுகிவிடாது என்று தெரிந்தது.

1999-க்குள் 10 லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளியில் படித்துவிட்டார்கள். நெல்லுக்கு அடிக்கும் மருந்து பாதிக்கு மேல் குறைந்தது. விளைச்சலும் குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. விளைச்சல் குறையவில்லை. கூடியது!

கடிக்காத கொசு

ஒரு சந்தேகம் வரலாம். நட்டதும் வயலில் புகையான் இருப்பது இல்லை. பிறகு சிலந்தி எதைத் தின்று உயிரோடு இருக்கும்?

1996-ல் வெளியான ஜாவா ஆராய்ச்சி ஒன்று இதற்குப் பதில் சொன்னது. அழுகும் வைக்கோலையும் சாணத்தையும் தின்னும் சின்னஞ்சிறு புழுக்கள் வயல் தண்ணீரில் நிறைய இருக்கின்றன. அவை வளர்ந்து, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத பூச்சிகளாகப் பறக்கின்றன. பயிருக்கு அவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சிலந்திகளுக்கு அவைதான் முதல் சாப்பாடு! புகையான் வந்து சேரும்போது சிலந்திப் படை தின்று கொழுத்துத் தயாராக நிற்கிறது. நட்ட சில நாளிலேயே மருந்து அடித்தால் சிலந்திக்கு முன்பே அதன் சாப்பாடும் போய்விடும்.

மறுபடியும் கருகியது

இந்தோனேசியாவின் வயல் பள்ளிகளுக்குப் பெரும்பணம் வருவது 1999-ல் நின்றது. கடைகளில் புதுப்புது மருந்துகள் வந்து குவிந்தன. விளம்பரமும் வந்தது. 2010, 2011 ஆண்டுகளில் ஜாவா வயல்களில் புகையான் மறுபடியும் பெருக்கெடுத்தது. பள்ளியில் படித்த தகப்பன் வயதாகி வீட்டில் இருந்தார். தெளிப்பானைத் தூக்கிய மகன் அந்த வகுப்பைப் பார்த்ததே இல்லை.

தமிழ்நாட்டில் புகையானுக்குச் சொல்லும் பக்குவம் இது: நடும்போது 8 அடிக்கு ஒரு அடி பட்டம் விட வேண்டும். தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. வயலில் தண்ணீரைக் கட்டியே வைக்காமல் அவ்வப்போது வடிக்க வேண்டும். பிறகு குனிந்து, பயிரை விலக்கி, அடித்தண்டைப் பார்த்து எண்ண வேண்டும். குத்தில் சிலந்தி இல்லையா? தூருக்கு 1 புகையான் சேர்ந்துவிட்டாலே மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருக்கிறதா? தூருக்கு 2 புகையான் ஆகும் வரையில் மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டியது இல்லை.