கிளிப் போடாமல் கட்டியை வெட்டலாம்: சிறுநீரகமும் சி.டி. ஸ்கேன் பைல்களும்

வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்தால் பிலிமோடு ஒரு டிஸ்க்கும் தருகிறார்கள். எங்கள் பழங்காநத்தம் பக்கம் பல வீடுகளில் அது பீரோவில் மருந்துச் சீட்டுகளோடு தூங்கிக் கொண்டிருக்கும். இதே வகைப் பைல்களைக் கொண்டுதான் சிறுநீரகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்து காட்டினார்கள்.

சிறுநீரகத்தில் சிறிய புற்றுக்கட்டி இருந்தால் முன்பெல்லாம் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்து விடுவார்கள். இப்போது முடிந்தவரை கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதியைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. கத்தி வைத்தால் பீறிடும். எனவே முதலில் முக்கிய ரத்தக் குழாயைக் கிளிப் போட்டு அடைத்து விடுவார்கள். ஒரு வீட்டுக் குழாயை ரிப்பேர் செய்யத் தெரு வால்வையே மூடுவது போல! அந்த நொடியில் இருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். ரத்தம் இல்லாத நேரம் நீள நீள நல்ல பகுதியும் பாதிக்கப்படலாம். ஒரே சிறுநீரகம் உள்ள 362 பேரை ஆராய்ந்து 2010ல் வெளியான கட்டுரை ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்றது. 25 நிமிடத்தை ஓர் எல்லையாகவும் காட்டியது.

அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் இந்தர்பிர் சிங் கில். பஞ்சாபில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கிலும் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக் கழகத்திலும் பணியாற்றியவர். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் கைதேர்ந்தவர். 2007ல் இவரும் மற்றவர்களும் சேர்ந்து சுமார் 1,800 அறுவைகளை ஒப்பிட்டார்கள். லேப்ராஸ்கோப்பியில் ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் ரத்தம் நிறுத்தப்பட்ட நேரம், திறந்த அறுவையில் சராசரியாக 20 நிமிடம் என்றால் இதில் 30 நிமிடம். தான் கைதேர்ந்த முறையின் குறையைத் தானே அச்சில் போட்டது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் சாப்ட்வேர் துறையில் இது அபூர்வம்.

2011ல் 'யூரோப்பியன் யூராலஜி' இதழில் வந்த கட்டுரையில் அந்த நேரம் பூஜ்யம். 15 நோயாளிகள், 12 பேருக்கு லேப்ராஸ்கோப்பி, 3 பேருக்கு ரோபோ. முக்கியக் குழாயை யாருக்கும் அடைக்கவில்லை. கட்டியின் அடிப்பகுதியை வெட்டும் சிறிது நேரம் மட்டும் மயக்க மருந்து நிபுணர் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டோடு இறக்கிக் கொடுத்தார். ஆசிரியர் பட்டியலில் அப்பல்கலைக் கழக மயக்கவியல் பேராசிரியர் தங்கத்துரையின் பெயர் இருக்கிறது. அட, நம்ம பெயராயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டருக்கு வேலை வந்தது அடுத்த கட்டத்தில்தான். 2012ல் இக்குழு 0.5 மி.மீ. இடைவெளியில் எடுத்த ஸ்கேன் படங்களை அடுக்கி, கட்டியையும் ரத்தக் குழாய்க் கிளைகளையும் 3டி மாடலாக்கிய முறையை வெளியிட்டது. கட்டிக்கு மட்டும் போகும் கிளை எது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை மட்டும் அடைத்தால் போதும். தெரு வால்வைத் தொட வேண்டியதில்லை.

இது எல்லோருக்கும் தேவையா என்பது வேறு கேள்வி. 2020க்குப் பிறகு இத்தாலியில் இருந்து வெளியான ஆய்வில், இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்பவர்களிடம் அடைத்துச் செய்வதற்கும் அடைக்காமல் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவரின் கணக்கு வேறு.

சரி, நம் டிஸ்க்குக்கு வருவோம். உள்ளே இருப்பவை டைகாம் பைல்கள். பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் இருக்காது. டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் நம்மையே கேட்கும். ஒரு படம் 512 x 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. 20 செ.மீ. உயரத்தை 5 மி.மீ. இடைவெளியில் எடுத்தால் 40 படம், 20 எம்பி. 0.5 மி.மீ. என்றால் 400 படம், 200 எம்பி.

'3டி ஸ்லைசர்' என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரை ஸ்லைசர் டாட் ஆர்க் தளத்தில் இருந்து டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். டிஸ்க்கில் உள்ள போல்டரை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, 'ஆட் டைகாம் டேட்டா' மூலம் இம்போர்ட் செய்யுங்கள். பட்டியலில் அதிகப் படங்கள் உள்ள சீரிஸைத் தேர்ந்தெடுத்து 'லோட்' கொடுங்கள். பிறகு 'வால்யூம் ரெண்டரிங்' பகுதியில் கண் ஐகானை கிளிக் செய்து ஒரு சி.டி. பிரீசெட்டைத் தேர்ந்தெடுத்தால் முதலில் எலும்புகளும், 'ஷிப்ட்' ஸ்லைடரை நகர்த்த நகர்த்த மற்ற உறுப்புகளும் தெரியும். மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனாக இருந்தால் ரத்தக் குழாய்கள் பளிச்சென்று வரும். படிக்கட்டு போல் தெரிந்தால் உங்கள் சாப்ட்வேரில் குறையில்லை, டிஸ்க்கில் 5 மி.மீ. படங்கள்தான் இருக்கின்றன. மெல்லிய படங்கள் கிடைக்குமா என்று ஸ்கேன் சென்டரில் கேட்டுப் பாருங்கள். இதை வைத்து நாமே நோயைத் தீர்மானிக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. டைகாம் பைலின் ஹெட்டரில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த இடம் எல்லாம் இருக்கும். பைல் பெயரை மாற்றினாலும் அவை போகாது. நண்பருக்குக் காட்ட வேண்டுமானால் போல்டரை அனுப்பாதீர்கள். 3டி படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.