ரொட்டி தட்டும் கையும் அப்பிள் பையும்

அப்பிள் பை செய்ய முதலில் வேண்டியது கோதுமை மா. மலையகத்து லயன் அடுப்படிகளுக்கு அதைப்போல் பழகிய பொருள் வேறில்லை. ஆனாலும் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கப் பழகும் நமது பெண்கள் பட்டர் கேக், ரிபன் கேக், கப் கேக் என்று வேகமாக முன்னேறிவிட்டு அப்பிள் பையில் வந்து தடுமாறுகிறார்கள். மேலோடு பலகைபோல் விறைக்கிறது, அடி வேகாமல் பிசுபிசுக்கிறது, உள்ளே அப்பிள் கூழாகிவிடுகிறது. யூடியூப்பில் சொன்ன அளவுகளில் பிழையில்லை. சொன்னவரின் சமையலறை நமது சமையலறையல்ல, அவ்வளவுதான்.

பை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடைக்குக் கொண்டுபோகும் பை. தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும் பொருத்தமாகவே இருக்கிறது. மாவில் ஒரு பையைச் செய்து, அதற்குள் பழத்தைப் போட்டு மூடிச் சுடுவதுதான் இந்தப் பண்டம். ஹட்டன் பேக்கரிகளில் விற்கும் பட்டிஸுக்கு இது சொந்தக்காரன். பட்டிஸை எண்ணெயில் பொரிக்கிறோம், இதை ஒவனில் வைக்கிறோம்.

மாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த நமது முன்னோர் சோறு தின்றவர்கள். தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1942 இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் இலங்கைக்கு வந்த அரிசியில் பெரும்பகுதி நின்றுபோனது. பங்கீட்டில் கோதுமை மா நுழைந்தது, பிறகு வெளியேறவேயில்லை. 1973-74 பஞ்சத்தில் தோட்டங்கள் பட்டினி கிடந்தபோது மக்கள் தேடி அலைந்ததும் அந்த மாவைத்தான். 2022 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் பசில் ராஜபக்ச அறிவித்த நிவாரணப் பொதியில் தோட்டக் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்டது என்ன? மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாவுக்கு. நமக்கு மா போதும் என்பது அரசாங்கத்துக்கும் பழகிவிட்டது.

ஆக மா லயனுக்கு வந்தது, ஒவன் வரவில்லை. அது துரை பங்களாவில் இருந்தது. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்க முயன்றார். விவசாயம் செய்ய வந்த அவரது பெயர் பேக்கர் என்பது வேடிக்கை. இங்கிலாந்திலிருந்து மாடுகளும் விதைகளும் வந்த அதே வழியில் பையும் புடிங்கும் மலைக்கு வந்தன. பங்களாக்களில் அவற்றைச் சுட்டவர்கள் அப்பு என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ச் சமையல்காரர்கள். செய்முறை அவர்கள் கையில் இருந்தது, பண்டம் துரையின் மேசைக்குப் போனது.

இனி கைக்கு வருவோம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பை பழகிக்கொண்டிருக்கும் பெண் ஒருவரின் அடுப்படியில் நின்று பார்த்தேன். பத்து வயதிலிருந்து ரொட்டி தட்டும் கை அவருடையது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்கு விடிகாலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்துப் பழகியவர். மாவில் தண்ணீர் பட்டதும் அந்தக் கை தானாகவே அழுத்திப் பிசையத் தொடங்குகிறது. பை கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

கோதுமை மாவில் உள்ள புரதங்கள் தண்ணீர் சேர்ந்ததும் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலையாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை இறுகும். ரொட்டி கிழியாமல் தட்ட வருவதும், பரோட்டா வீச வருவதும் அதனால்தான். பை மேலோட்டுக்கு அந்த வலை கூடாது. அது வாயில் வைத்தால் உதிர வேண்டும். அதனால் தண்ணீருக்கு முன்னரே கொழுப்பைச் சேர்க்கிறார்கள். 250 கிராம் மாவுக்கு 125 கிராம் குளிர்ந்த பட்டர், ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து, ரவை போல வந்ததும் நிறுத்த வேண்டும். கொழுப்பு பூசிய மாவுக்குள் தண்ணீர் இலகுவில் இறங்காது, வலையும் பின்னாது. பிறகு மூன்று நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் தெளித்து, சேர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் அள்ளி ஒட்டி, அரை மணித்தியாலம் மூடி வைத்தால் போதும். பாண் மா மட்டுமே கையில் இருந்தால், ஒரு கப் மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கோர்ன்ஃபிளவர் போடலாம். புரதம் கொஞ்சம் குறையும்.

இங்கே மலை நமக்கு உதவி செய்கிறது. பட்டர் மாவுக்குள் சிறு துண்டுகளாகவே இருக்க வேண்டும், உருகி மாவோடு கலந்தால் மேலோடு எண்ணெய்ப் பிசினாகிவிடும். கொழும்பில் இதைச் செய்பவர்கள் ஐஸ் தண்ணீரும் குளிர்சாதனப் பெட்டியுமாக ஓடித் திரிய வேண்டும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். குழாய்த் தண்ணீரே போதிய குளிர்ச்சி, ஜன்னலோரத்தில் வைத்தால் மா இறுகிவிடும்.

உயரமும் நமக்குச் சாதகந்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கேக்குக்கு இது தொல்லை. உள்ளே உருவாகும் வாயு அளவுக்கு மீறி விரிந்து, கேக் பொங்கிவிட்டு நடுவில் அமர்ந்துபோகும். பேக்கிங் பவுடரைக் குறைக்கத் தெரியாமல் தங்களுக்குக் கைராசி இல்லை என்று நொந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். பையில் பேக்கிங் பவுடரே இல்லை, பொங்குவதற்கோ அமுங்குவதற்கோ எதுவுமில்லை. அப்பிள் வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அப்பிள் விடயத்தில்தான் கை கடிக்கிறது. நமது கடைகளுக்கு வருவது இறக்குமதிப் பழம். டொலர் தீர்ந்த 2022 மார்ச்சில் அனுமதிப்பத்திரமின்றி இறக்குமதி செய்ய முடியாதென்று அறிவிக்கப்பட்ட 367 வகைப் பொருட்களில் அப்பிளும் இருந்தது. இனிப்பான சிவப்பு அப்பிள் வெந்ததும் மாவாகிவிடும். புளிப்பும் இறுக்கமும் உள்ள பச்சை அப்பிள்தான் பைக்கு ஏற்றது. சிவப்பு மட்டும் கிடைத்தால் தேசிக்காய்ச் சாறு பிழிய வேண்டும். நறுக்கிய துண்டுகளில் சீனி தூவி அரை மணித்தியாலம் வைத்தால் தண்ணீர் விடும். அதை வடித்துத் தனியே வற்றவைத்துப் பாகாக்கி மீண்டும் ஊற்றினால் அடிமா நனையாது. பலர் தவறவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். கறுவா மட்டும் நம் நாட்டுச் சரக்கு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்பிளுக்குப் பதிலாக வெலிமடை, நுவரெலியாப் பக்கம் விளையும் பெயார்ஸ் காயைப் போடலாம். பச்சையாகக் கடித்தால் பல் நோகும் அந்தக் காய், சீனியோடு வெந்தால் நன்றாகவே இருக்கும். வேலியெல்லாம் படர்ந்து காய்க்கும் சௌசௌவும் உதவும். அதற்கென்று பெரிய ருசி இல்லாததால் தேசிக்காய், சீனி, கறுவா எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவில் மக்டொனால்ட்ஸ் அப்பிள் பைக்குள் இருப்பது சௌசௌதான் என்று நீண்டகாலமாக ஒரு வதந்தி உண்டு. அந்த நிறுவனம் மறுத்த பிறகும் வதந்தி போகவில்லை. ஆனால் விற்கும்போது சௌசௌவை அப்பிள் என்று சொல்லி விற்கக்கூடாது.

மிச்சமிருப்பது நெருப்பு. மேசையில் வைக்கும் சாதாரண மின்சார ஒவன் 1,500 முதல் 2,000 வாற்று வரை இழுக்கும். லயன் அறைகளின் பழைய மின்னிணைப்பில் அதை ஒரு மணித்தியாலம் ஓடவிடுவது விளையாட்டு வேலையில்லை. மின்னொழுக்கால் லயன் தொகுதி எரிந்தது என்ற செய்தியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம். ஒவன் வாங்குவதற்கு முன் தகுதியான மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு வயரிங்கைப் பார்ப்பது நல்லது. மணல் போட்ட பெரிய சட்டிக்குள் வைத்தும் சுடலாம். கீழ்ச்சூடு கிடைக்கும், மேல்பக்கம் சிவக்க மூடியின் மேல் தணல் வேண்டும். அதுவும் தோதுப்படாவிட்டால் பட்டிஸ் போல மடித்துப் பொரித்துவிடலாம். இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. அமெரிக்க மக்டொனால்ட்ஸில் 1992 வரை விற்றதும் பொரித்த பைதான்.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பக்கற்று பட்டருக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். கெட்டுப்போகும் ஒவ்வொரு பையும் மலையேறிய அரை நாள். பழகி முடித்து முறையாக விற்க நினைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டச் சமையலறை வேண்டும், வங்கியில் கடன் கேட்கப் பிணை வேண்டும். குடியிருக்கும் லயனுக்கு உறுதி இல்லாதவர் எதைக் காட்டுவார்? அதனால் வட்ஸ்அப்பில் தெரிந்தவர்களிடம் ஓடர் எடுத்து, பஸ் நிலையத்தில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வளைவுகள் நிறைந்த பாதையில் பஸ்ஸில் கொண்டுபோகும்போது கேக்கின் ஐசிங் பூக்கள் ஒரு பக்கம் சரிந்துவிடும். பை குலுங்கினாலும் முழுதாகப் போய்ச் சேரும். ஆனால் நன்றாக ஆறிய பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஹட்டன் போவதற்குள் மேலோடு நமுத்துவிடும்.