வேலையை விட்டுவிட்டு முழுநேரம் போக்கர் ஆட முடியுமா? பெங்களூருவில் இருந்து ஒரு கணக்கு

உங்களுக்கு 28 வயது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரு காக்ஸ் டவுனில் வாடகை வீடு, ஐடி கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக இரவு நேரத்தில் போக்கர் ஆடி, கையில் கொஞ்சம் பணமும் பார்த்திருக்கிறீர்கள். 'பேசாமல் இதையே முழுநேரமா பண்ணா என்ன?' என்று தோன்றுகிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எத்தனை மணி நேரம் ஆடுவது, எத்தனை மணி நேரம் படிப்பது என்று ஒரு அட்டவணையும் மனதில் ஓடுகிறது.

அந்த அட்டவணையைப் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்: எங்கே ஆடுவீர்கள், எவ்வளவு மிஞ்சும், நீங்கள் உண்மையிலேயே ஜெயிக்கிற ஆட்டக்காரர்தானா என்று தெரிய எவ்வளவு காலம் ஆகும். 2025 ஆகஸ்ட்டுக்குப் பிறகு இந்த மூன்றுக்குமே பதில் மாறிவிட்டது.

2025 ஆகஸ்ட்டில் என்ன மாறியது?

நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் இந்தச் சட்டம் தடை செய்கிறது. அது திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பணப்பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளும் பேமெண்ட் நிறுவனங்களும்கூட இதில் வரும். ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் ஆடுவதற்கு இடமும் இல்லை. சட்டம் வந்த சில நாட்களிலேயே போக்கர்பாஸி உள்ளிட்ட தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன.

இந்தச் சட்டத்தை எதிர்த்து முதலில் வழக்குப் போட்ட இடங்களில் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஒன்று. பல மாநிலங்களில் இருந்த இந்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

'போக்கர் திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லிச்சே?'

சொன்னது உண்மைதான். திறமை விளையாட்டாகப் போக்கர் ஆடுவதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று 2013-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடுக்க கர்நாடக அரசு 2021-இல் கொண்டுவந்த போலீஸ் சட்டத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை 2022 பிப்ரவரி 14 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டிலும் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகளே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறாக, 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது.

ஆன்லைனைப் பொறுத்தவரை மத்தியச் சட்டம் இந்த விவாதத்தையே ஓரங்கட்டிவிட்டது. நேரில் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. அது மாநிலச் சட்டங்களின் கீழ்தான் வரும். ஆனால் வீட்டிலோ வாடகை அறையிலோ ஆட்களைச் சேர்த்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் பிடித்தால், கர்நாடக போலீஸ் சட்டத்தில் 'சூதாட்ட விடுதி' என்ற வழக்கு வரலாம். நடத்துபவர் மட்டுமல்ல, அங்கே உட்கார்ந்து ஆடியவரும் மாட்டுவார்.

ஆக, காக்ஸ் டவுனில் இருப்பவருக்கு உரிமம் பெற்ற, பக்கத்தில் இருக்கிற மேசை என்றால் அது கோவா கேசினோதான். இரவு பஸ்ஸோ, ரயிலோ, விமானமோ பிடித்துப் போய் வர வேண்டிய தூரம். உங்கள் தொழிலில் முதல் செலவு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

எத்தனை ஆட்டம் ஆட முடியும்?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஆன்லைனில் ஒரு மேசையில் மணிக்குச் சுமார் 70 ஹேண்ட் ஓடும். நான்கு மேசை திறந்தால் 280. நேரில் ஆடும்போது சீட்டைக் கலைத்து, பிரித்து, சிப்ஸ் எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு 25 முதல் 30 ஹேண்ட் வந்தாலே பெரிது.

மாதம் ஒரு தடவை கோவா போய், 5 நாள், நாளுக்கு 8 மணி நேரம் ஆடுகிறீர்கள் என்றால் மாதம் 40 மணி நேரம். அதாவது 1,000 ஹேண்ட். வருடத்துக்கு 12,000. இதே 12,000 ஹேண்டை முன்பு ஆன்லைனில் 43 மணி நேரத்தில் ஆடிவிடலாம். ஒன்றிரண்டு வாரத்தில் தெரிந்த விஷயம் தெரிய இப்போது ஒரு வருடம் ஆகும்.

அதனால் என்ன? போக்கரில் ஒரு மாதத்தின் லாப நஷ்டம் பெரும்பாலும் சீட்டு விழுந்த விதம்தான். திறமை தெரிய ஆயிரக்கணக்கான ஹேண்ட் வேண்டும். பொதுவாக நோ-லிமிட் ஆட்டத்தில் 100 ஹேண்டுக்குச் சுமார் 100 பிக் பிளைண்ட் மேலும் கீழும் ஆடும். பிக் பிளைண்ட் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டாயமாக வைக்கும் தொகை. அதுதான் மேசையின் அளவுகோல். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வருவது இது:

• மணிக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற நல்ல ஆட்டக்காரருக்கும், மாதம் 1,000 ஹேண்ட் மட்டும் ஆடினால், சுமார் நான்கில் ஒரு மாதம் நஷ்டத்தில் முடியும்.
• மணிக்கு 2 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற சுமாரான ஆட்டக்காரருக்கு ஐந்தில் இரண்டு மாதம் நஷ்டம். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் முழு வருடமே நஷ்டத்தில் முடியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தோற்க வேண்டிய ஆட்டக்காரரும் சில மாதம் தொடர்ந்து ஜெயித்து, 'நமக்கு இது வருது' என்று நம்பிவிடலாம். அந்த நம்பிக்கையில் ராஜினாமா கடிதம் எழுதுவதுதான் ஆபத்து.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

பிக் பிளைண்ட் 200 ரூபாய் உள்ள மேசை என்று எடுத்துக்கொள்வோம். நீங்கள் நல்ல ஆட்டக்காரர். மணிக்கு 5 பிக் பிளைண்ட், அதாவது 1,000 ரூபாய். 40 மணி நேரத்துக்கு 40,000. வருடத்துக்கு 4,80,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வரியைப் பார்ப்போம். சீட்டாட்ட வெற்றிக்கு வருமான வரி நேராக 30 சதவீதம். செஸ் சேர்த்தால் 31.2. சம்பளத்துக்கு இருப்பதுபோல அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. போக்குவரத்து, ஹோட்டல் என்று எந்தச் செலவையும் கழிக்க முடியாது. தோற்ற பணத்தை ஜெயித்த பணத்தில் ஈடு கட்டவும் பொதுவாக அனுமதி இல்லை. ஆன்லைனில் ஒரு நிதியாண்டின் நிகர வெற்றிக்கு வரி என்ற விதி இருந்தது. நேரடி ஆட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

மேலே சொன்ன அதே ஆட்டக்காரர் வருடத்தில் 60 நாள் ஆடுகிறார். ஜெயித்த நாட்களில் மொத்தம் 9,40,000, தோற்ற நாட்களில் மொத்தம் 4,60,000 என்று வைத்துக்கொள்வோம். கோவா பயணம், தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 15,000 என்று சிக்கனமாகவே போடுவோம்.

• நிகர லாபமான 4,80,000-க்கு மட்டும் வரி என்றால்: வரி 1,49,760. பயணச் செலவு 1,80,000. மிச்சம் 1,50,240. மாதத்துக்குச் சுமார் 12,500.
• ஜெயித்த நாட்களின் 9,40,000-க்கும் வரி என்றால்: வரி 2,93,280. பயணச் செலவு 1,80,000. மிச்சம் 6,720. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு.

இது தோற்கிற ஆளின் கணக்கு இல்லை, ஜெயிக்கிற ஆளின் கணக்கு. இரண்டில் எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பதை வேலையை விட்ட பிறகல்ல, அதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. கேசினோவில் சிப்ஸ் வாங்கும் பணத்தின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இல் இருந்து 40 சதவீதம் ஆனது. அதில் எவ்வளவை ஆட்டக்காரர் தலையில் கட்டுகிறார்கள் என்பதை மேசையில் உட்காரும் முன்பே கேளுங்கள்.

'பெரிய மேசைக்குப் போனா சரியாயிடுமே?' என்று கேட்கலாம். வருமானம் கூடும்; ஆனால் எதிரில் உட்காருபவரும் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். நஷ்டமும் அதே அளவு பெரிதாகும்.

வெளிநாட்டுத் தளங்களில் ஆடினால்?

அந்தத் தளங்களும் இந்தச் சட்டத்தின் தடையில் வருகின்றன. பணம் கட்ட வங்கி வழி இல்லாததால் யாரோ ஒரு ஏஜெண்டின் யுபிஐ கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணக்கு சைபர் மோசடி வழக்கில் சிக்கினால் உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கலாம். ஜெயித்த பணத்தைத் தர மறுத்தால் புகார் கொடுக்க இடமில்லை. மாதச் செலவை இதை நம்பி நடத்த முடியாது.

அப்படியும் முயற்சி செய்வதென்றால் எப்படித் திட்டமிடுவது?

வேலையை விடாமல் 12 மாதம் ஆடிப் பார்ப்பதுதான் இதில் பாதுகாப்பான வழி. அதற்கு ஒரு அட்டவணை:

1. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, 12 மாத வீட்டுச் செலவுக்கு ஒன்று, வரிக்கு ஒன்று. ஆட்டக் கணக்கில் குறைந்தது 30 முதல் 40 பை-இன் இருக்கட்டும். 200 ரூபாய் பிக் பிளைண்ட் மேசைக்கு ஒரு பை-இன் 20,000 என்றால், 6 முதல் 8 லட்சம். இதைக் கடன் வாங்கியோ, நகை அடகு வைத்தோ, வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கியோ சேர்க்கக் கூடாது.

2. மாதத்தை நான்கு வாரமாகப் பாருங்கள். ஒரு வாரம் ஆட்டம். திரும்பி வந்ததும் இரண்டு நாள் முழு ஓய்வு. மற்ற நாட்களில் தினம் ஒன்றரை மணி நேரம் படிப்பு: ஆடிய முக்கியமான ஹேண்டுகளை நோட்டில் எழுதி, ஏன் அந்த முடிவு எடுத்தோம் என்று பார்ப்பது. பணம் கட்டாமல் ஆடும் செயலிகளில் பயிற்சி செய்யத் தடை இல்லை.

3. ஆட்ட நாளுக்கு இரண்டு எல்லை போடுங்கள். 8 மணி நேரம், அல்லது 3 பை-இன் நஷ்டம். எது முதலில் வருகிறதோ அப்போது எழுந்துவிடணும். தோற்ற கோபத்தில் ஆடுவதை ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். நல்ல ஆட்டக்காரர்களின் சேமிப்பும் கரைவது அங்கேதான்.

4. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். கேசினோ மேசைகள் இரவில்தான் களைகட்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆன்லைன் பண ஆட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடையை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. தூக்கம் கெட்ட நேரத்து முடிவுகள் பற்றிய அந்தக் கவலை கேசினோ மேசைக்கும் பொருந்தும்.

5. ஒவ்வொரு நாளையும் பதிவு செய்யுங்கள். மணி நேரம், மேசை அளவு, கொண்டுபோன பணம், கொண்டுவந்த பணம், பயணச் செலவு. ஞாபகத்தை நம்பாதீர்கள், அது ஜெயித்த நாளை மட்டும் வைத்துக்கொள்ளும்.

6. நிறுத்தும் எண்ணை இப்போதே எழுதுங்கள். 'ஆட்டக் கணக்கு பாதியாகக் குறைந்தால் ஆறு மாதம் ஆட மாட்டேன்' என்பதுபோல. அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அம்மாவோ, மனைவியோ, கணவரோ, யாரானாலும் மாதக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

வேலையோடு போவது சம்பளம் மட்டுமல்ல. பிஎஃப் நிற்கும், கம்பெனி மருத்துவக் காப்பீடு நிற்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது காட்ட சம்பள ரசீது இருக்காது. இவற்றுக்கான மாதத் தொகையையும் செலவில் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி ஆடுவது, நஷ்டத்தை வீட்டில் மறைப்பது, ஆட்டத்துக்குக் கடன் வாங்குவது — இதில் ஒன்று வந்தாலே அது தொழில் இல்லை, நோயின் அறிகுறி. பெங்களூரு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை மற்றும் அடிமைப் பழக்கங்களுக்கான தனி மையம் இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நீங்கள் மட்டுமல்ல, உங்கள் வீட்டில் இருப்பவரும் கூப்பிடலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: இன்றைய நிலையில் பெங்களூருவில் இருந்து முழுநேர போக்கர் என்பது மாதத்தில் ஒரு வாரம் வெளியூரில் ஆடி, 31 சதவீத வரி கட்டி, நான்கில் ஒரு மாதம் நஷ்டத்தைத் தாங்கும் வேலை. 12 மாதப் பதிவும், வரி கழித்த மிச்சமும் உங்கள் இப்போதைய சம்பளத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் போக்கர் உங்களுக்கு நல்ல பொழுதுபோக்காகவே இருக்கட்டும்.